ஆபரேஷனுக்குப் பின் தொண்டை வலி: புகை வைப்பதா, கொப்பளிப்பதா, ஊசியா?

முழு மயக்கத்தில் பித்தப்பையோ தைராய்டோ எடுத்துவிட்டு வார்டுக்கு வந்தவர்களிடம் மறுநாள் காலையில் கேட்டால், தையல் வலிக்கு அடுத்தபடியாக அவர்கள் சொல்வது "எச்சில் முழுங்க முடியல" என்பதுதான். மூச்சுக்குழாயில் டியூப் போட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இது வருகிறது. சில ஆய்வுகளில் 60 சதவீதத்தையும் தாண்டியிருக்கிறது. இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும் என்பதால் பல இடங்களில் இதை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆனால் மண்டபத்தில் மீன் ஏலம் கூறுபவருக்கும், கீழக்கரையில் பாங்கு சொல்பவருக்கும், பள்ளிக்கூட டீச்சருக்கும் தொண்டைதான் பிழைப்பு. பாம்பன் பக்கம் மூச்சடக்கி முங்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்கள், இருமல் முழுக்க நிற்காமல் தண்ணீரில் இறங்க முடியாது. அவர்களுக்கு மூன்று நாள் என்பது மூன்று நாள் கூலி.

ராமநாதபுரம் முதல் ராமேஸ்வரம் வரை, அந்தப்பக்கம் தொண்டி வரை உள்ள சிறிய மருத்துவமனைகளின் தியேட்டர் ஸ்டாஃபும், ஆபரேஷனுக்கு நாள் குறித்த நோயாளிகளும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "முன்னாடியே நெபுலைசர்ல மருந்து வெச்சா தொண்டை வலி வராதாமே, எந்த மருந்து நல்லது?" மெக்னீசியம், கெட்டமைன், புடெசொனைடு, டெக்ஸ்மெடிடோமிடின், லிக்னோகைன் என்று ஐந்து பெயர்கள் சுற்றுகின்றன. ஆவியாக இல்லாமல் ஊசியாகவும் கொப்பளிப்பாகவும் தரக்கூடியவையும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தக் கரையோரத்துச் சிறு மருத்துவமனைக்கு, ஆவியாக வைப்பதென்றால் மெக்னீசியமே முதல் தேர்வு. ஆனால் டியூபிலுள்ள பலூனின் (கஃப்) பிரஷரை அளக்கும் மீட்டர் இல்லாத தியேட்டரில் எந்த மருந்தை வைத்தாலும் பாதிப் பலன்தான்.

வலி எங்கிருந்து வருகிறது

டியூபின் நுனிக்கு மேலே ஒரு சின்ன பலூன் இருக்கிறது. அதுதான் கஃப். மூச்சுக்குழாயின் உள்சுவரோடு அது ஒட்டி நின்றால்தான் காற்று கசியாது, வயிற்றிலிருந்து எதுவும் நுரையீரலுக்குள் இறங்காது. அந்த பலூனில் இருக்கவேண்டிய அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீர். அதைத் தாண்டினால் உள்சவ்வுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையத் தொடங்கும். கொஞ்ச நேரத்திலேயே அந்த இடம் சிவந்து, வீங்கி, பிறகு புண்ணாகும்.

பல தியேட்டர்களில் 10 மி.லி. சிரிஞ்சில் காற்றை ஏற்றிவிட்டு, வெளியே தொங்கும் குட்டி பலூனை விரலால் அமுக்கிப் பார்த்து "சரியா இருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். விரல் கணக்கு நம்பத்தகுந்ததல்ல. அப்படி ஏற்றியதை மீட்டரில் அளந்தால் 30-ஐ எளிதாகத் தாண்டியிருக்கும், 60-க்கு மேலும் போயிருக்கும். நைட்ரஸ் ஆக்சைடு ஓடும் மயக்கத்தில் அந்த வாயு கஃபுக்குள் ஊடுருவி அழுத்தத்தைத் தானே ஏற்றும். ஆரம்பத்தில் 25 வைத்தாலும் ஒரு மணி நேரத்தில் அது 25-ஆக இருக்காது. அரைமணிக்கு ஒருமுறை அளந்து, கூடியதை வெளியேற்ற வேண்டும்.

மீட்டர் சில ஆயிரம் ரூபாய், ஒரே தடவைச் செலவு. வாங்கும்வரை, டயல் வைத்த பிரஷர் மிஷினின் குழாயை மூன்று வழி அடைப்பான் மூலம் கஃபோடு இணைத்து அளக்கலாம். பாதரசக் கணக்கில் 15 முதல் 22 மி.மீ. இருந்தால், நீர்க் கணக்கில் அது 20 முதல் 30. அளப்பானை மாட்டியதும் கஃபிலுள்ள காற்றில் கொஞ்சம் அதன் குழாய்க்குள் போய் அழுத்தம் இறங்கும். அதனால் மாட்டிய நிலையிலேயே காற்றை ஏற்றி, முள் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, கஃப் பக்கத்தை அடைத்த பிறகே கழற்ற வேண்டும்.

மற்ற காரணங்கள்: டியூப் அளவு பெரிதாக இருப்பது (பெண்களுக்கு 6.5 அல்லது 7.0, ஆண்களுக்கு 7.5 பெரும்பாலான ஆபரேஷன்களுக்குப் போதும்), இரண்டு மூன்று முறை முயன்று டியூப் போடுவது, எழுப்பும்போது முரட்டுத்தனமாக சக்ஷன் செய்வது (சளியை உறிஞ்சி எடுப்பது), மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் இறக்குவது, டியூபோடு இருமி முக்கி எழுவது. பெண்களுக்கும், பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கும், ஆபரேஷன் நீண்டவர்களுக்கும் இந்த வலி அதிகம்.

எதை வைத்து ஒப்பிட வேண்டும்

பலன் எவ்வளவு என்பது முதல் அளவுகோல். எப்போது கிடைக்கிறது என்பதும் அதோடு சேர்ந்தது. எழுந்த முதல் இரண்டு மணி நேரத்தில் ஒரு மருந்து நன்றாக வேலை செய்யலாம், இன்னொன்று மறுநாள் காலையில்தான் கைகொடுக்கலாம். இரண்டாவது, நோயாளிக்கு ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பது. இந்தப் பகுதியில் ஆபரேஷனுக்கு வரும் நடுவயதுக்காரர்களில் சுகரும் பிரஷரும் உள்ளவர்கள் நிறைய. மூன்றாவது, நேரமும் ஆளும். ஒரே மயக்க டாக்டர் காலையில் ராமநாதபுரத்திலும் மதியம் கீழக்கரையிலும் கேஸ் பார்க்கிறார் என்றால், ஒவ்வொரு நோயாளிக்கும் கூடும் 15 நிமிடத்துக்கு ஒரு விலை இருக்கிறது. நான்காவது, மருந்து கையில் இருக்கிறதா, அதைப் பூட்டி வைக்க என்ன சட்டம் என்பது. ஐந்தாவதாகத்தான் ஆம்பூல் விலை.

ஆவியாகத் தரும் இந்த மருந்துகள் எதுவும் "ஆபரேஷனுக்குப் பின் தொண்டை வலி" என்ற காரணத்துக்காக லேபிள் (அதிகாரப்பூர்வ அனுமதி) பெற்றவை அல்ல. மயக்க டாக்டரின் முடிவில், தியேட்டர் வளாகத்தில் மட்டும் தரவேண்டியவை. வீட்டில் குழந்தைக்கு வாங்கி வைத்த நெபுலைசரில் யாரும் முயன்று பார்க்கக் கூடாது.

மெக்னீசியம் சல்ஃபேட்

வலியைக் கடத்தும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகள் மூளையிலும் தண்டுவடத்திலும் மட்டுமல்ல, தொண்டைச் சவ்வின் நரம்பு முனைகளிலும் இருக்கின்றன. மெக்னீசியம் அவற்றை அங்கேயே அடைக்கிறது. தொண்டையில் படும்படி இதைத் தந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தொண்டை வலி வருபவர்களின் எண்ணிக்கை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைகிறது. மறுநாள் வரை பலன் நிற்கிறது. மயக்கமோ போதையோ கிடையாது.

நம் ஊருக்கு இது பொருந்துவதற்கு முக்கியக் காரணம், இது ஏற்கெனவே அலமாரியில் இருப்பதுதான். பிரசவம் பார்க்கும் எந்த இடத்திலும் கர்ப்பகால வலிப்புக்கென்று 50 சதவீத ஆம்பூல் வைத்திருப்பார்கள். 2 மி.லி. ஆம்பூலில் 1 கிராம் இருக்கும்.

கலப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆய்வுகளில் பயன்படுத்திய அளவு சுமார் 225 முதல் 500 மி.கி. வரை. 500 மி.கி.யை சலைனில் கலந்து 5 மி.லி. ஆக்கினால் அது உடல் திரவத்தைவிட மிக அடர்த்தியான கரைசல். சிலருக்கு அதுவே தொண்டையை அரித்து இருமலைக் கிளப்பும். அதைவிட, 1 மி.லி. சிரிஞ்சில் அரை மில்லி (250 மி.கி.) எடுத்து, அதோடு ஊசிக்குரிய ஸ்டெரைல் வாட்டர் மூன்றரை மில்லி சேர்த்து மொத்தம் 4 மி.லி. ஆக்குங்கள். ஏறக்குறைய 6 சதவீதக் கரைசல் கிடைக்கும். அது உடல் திரவத்துக்கு நெருக்கமான அடர்த்தி, அரிக்காது. சலைன் வேண்டாம், தண்ணீர்தான் சேர்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

மறைந்திருக்கும் ஆபத்து ஒன்று உண்டு. ஆவிக்கென்று கலந்து வைத்த சிரிஞ்சை அவசரத்தில் யாராவது ரத்தக்குழாயில் ஏற்றிவிடலாம். கலந்த கையோடு நெபுலைசர் கப்பில் ஊற்றிவிட வேண்டும், சிரிஞ்சில் வைத்துக் காத்திருக்கவே கூடாது. பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் மாறிப்போகாதபடி அதைப் பக்கத்துத் தட்டில் வைக்காமல் வேறு அலமாரியில் வைப்பதும் இதோடு சேர்ந்ததே.

மயஸ்தீனியா (தசைகள் பலமிழக்கும் நோய்) உள்ளவர்களுக்கும், சிறுநீரகம் வெகுவாகக் கெட்டவர்களுக்கும் இது வேண்டாம். ஆவியாகப் போவது குறைந்த அளவுதான் என்றாலும், தசை தளர்த்தும் மருந்தின் வேலையை மெக்னீசியம் நீட்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கர்ப்பகால வலிப்பைத் தடுக்க ஏற்கெனவே ஊசியாக மெக்னீசியம் ஓடும் பெண்ணுக்கு ஆவியாகவும் தருவதில் அர்த்தமில்லை.

கெட்டமைன்

இதுவும் அதே ஏற்பிகளைத்தான் அடைக்கிறது. பலனும் மெக்னீசியத்துக்கு ஏறக்குறைய சமம். 50 மி.கி. (மில்லிக்கு 50 மி.கி. உள்ள மருந்தில் 1 மி.லி.), 4 மி.லி. சலைனோடு, டியூப் போடுவதற்குச் சுமார் கால் மணி நேரம் முன்பு வைப்பது வழக்கம். ஆவியாக வருவதற்கு முன்பே கொப்பளிப்பாக இது புழக்கத்தில் இருந்தது: 40 முதல் 50 மி.கி.யை 30 மி.லி. சலைனில் கலந்து அரை நிமிடம் தொண்டையில் நிறுத்திக் கொப்பளித்துத் துப்புவது. மருந்து கசப்பானது. சிலர் துப்பாமல் விழுங்கிவிடுகிறார்கள், அது வெறும் வயிற்றுக்கு நல்லதல்ல.

ஆய்வுக் கட்டுரைகளில் தெரியாத செலவுகள் இதில்தான் அதிகம். இந்தியாவில் 2013 முதல் கெட்டமைன் ஷெட்யூல் எக்ஸ் மருந்து. பூட்டிய அலமாரி, தனிப் பதிவேடு, மிச்சத்துக்குக் கணக்கு எல்லாம் வேண்டும். ஒரு நோயாளிக்கு 1 மி.லி. எடுக்க 10 மி.லி. குப்பியைத் திறந்தால், மீதி 9 மி.லி.க்கு யார் பொறுப்பு என்பது தெளிவாக இருக்க வேண்டும். மாஸ்க் வழியாக வைக்கும்போது ஓரங்களில் கசியும் புகையைப் பக்கத்தில் நிற்கும் நர்ஸும் சுவாசிக்கிறார். ஜன்னல் அடைத்த ஏ.சி. அறையில் ஒரு நாளில் ஐந்தாறு பேருக்கு வைத்தால் அது சின்ன விஷயமல்ல. மவுத்பீஸ் வைத்தால் கசிவு குறையும்.

நோயாளிக்கு எச்சில் ஊறும், சிலருக்குத் தலை கிறங்கும். இருதய அடைப்பு, கட்டுக்கடங்காத பிரஷர், மனநலச் சிகிச்சை எடுப்பவர்கள் ஆகியோருக்குத் தவிர்ப்பதே சரி. அப்படியானால் இது யாருக்கு? மெக்னீசியம் கூடாதவர்களுக்கு, குறிப்பாகச் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு, பிரஷர் கட்டுக்குள் இருந்தால் தரலாம். கெட்டமைன்தான் என்று முடிவானால், நாங்கள் கொப்பளிப்பையே பரிந்துரைப்போம். கரண்டும் வேண்டாம், ஆக்சிஜனும் வேண்டாம், அறையில் புகையும் பரவாது.

புடெசொனைடு

ஆஸ்துமாக் குழந்தைகளுக்கு வைக்கும் அதே மருந்து. வீக்கத்தைக் குறைப்பதால் தொண்டைக் கரகரப்பும் இருமலும் சேர்ந்து குறைகின்றன. ஸ்டீராய்டு வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும். அதனால் எழுந்தவுடன் வரும் வலியைவிட, அன்று இரவும் மறுநாளும் வரும் வலிக்கே இது அதிகம் உதவும்.

சுகர் உள்ளவர்கள்தான் இதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். தேவையில்லை. ஒரே ஒரு தடவை ஆவியாகப் போகும் அரை மில்லிகிராம், ரத்தச் சர்க்கரையை, ரத்தக்குழாயில் போடும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தாசோன் போல ஏற்றாது. ஊசி ஸ்டீராய்டுக்குத் தயங்கும் நீரிழிவு நோயாளிக்கு இது நல்ல மாற்று.

0.5 மி.கி. உள்ள 2 மி.லி. ரெஸ்ப்யூலை (சின்ன பிளாஸ்டிக் குப்பி) குலுக்கி, 2 மி.லி. சலைனோடு ஊற்ற வேண்டும். இது கரைசல் அல்ல, மருந்துத் துகள்கள் மிதக்கும் தொங்கல். காற்றடித்து ஓடும் ஜெட் நெபுலைசரில்தான் சரியாக ஆவியாகும். அல்ட்ராசானிக் மிஷினில் மருந்து கீழே தங்கிவிடும், நோயாளி வெறும் தண்ணீர்ப் புகையைத்தான் இழுப்பார். முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்பி, மாஸ்க் பட்ட முகத்தைத் துடைக்க வேண்டும்.

நெபுலைசரே இல்லாமல், 200 மைக்ரோகிராம் இன்ஹேலரை ஸ்பேசரில் (மருந்தைத் தேக்கி இழுக்க உதவும் குடுவை) மாட்டி ஒன்றிரண்டு பஃப் கொடுக்கலாம். குலுக்கி, ஒரு நேரத்தில் ஒரே பஃப் அழுத்தி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. கரண்ட் போன நாளுக்கு இதைவிட எளிய வழி கிடையாது.

டெக்ஸ்மெடிடோமிடின், லிக்னோகைன்

டெக்ஸ்மெடிடோமிடின் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம். 60 கிலோ உள்ளவருக்கு 0.6 மி.லி., சலைனோடு 4 மி.லி. ஆக்கி வைக்கலாம். டியூப் போடும்போது எகிறும் பிரஷரையும் துடிப்பையும் இது அடக்குகிறது, அதுதான் இதன் சிறப்பு. ஆனால் நாடித்துடிப்பு இறங்கும், தூக்கம் வரும். இ.சி.ஜி.யும் விரல் கிளிப்பும் மாட்டாமல் வராந்தாவில் உட்காரவைத்து இதை வைக்கவே கூடாது. துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால், அட்டினோலால் மாத்திரை சாப்பிடும் வயதானவர்களுக்கு ஆகாது. விலையும் மற்றவற்றைவிடக் கூடுதல். தொண்டை வலிக்காக மட்டும் வாங்கவேண்டிய மருந்தல்ல. பிரஷர் எகிறும் பயம் இருக்கும் கேஸில், வேறு காரணத்துக்காக எடுத்திருந்தால் சரி.

லிக்னோகைன் ஆவியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஆரம்பத்திலேயே இருமலைக் கிளப்பும், ஆஸ்துமாக்காரருக்கு மூச்சிழுப்பு வரலாம். தொண்டை மரத்துப்போவதால் புரையேறும் அபாயமும் உண்டு. 10 சதவீத ஸ்பிரேயில் உள்ள சாராயமும் மெந்தாலும் சவ்வை எரிச்சலூட்டுவதால், அதை டியூபில் அடித்துப் போட்டவர்களுக்குத் தொண்டை வலி கூடியதுமுண்டு. லிக்னோகைனை உருப்படியாகப் பயன்படுத்த வேறு வழி இருக்கிறது: காற்றுக்குப் பதிலாக சோடியம் பைகார்பனேட் கலந்த லிக்னோகைனைக் கஃபுக்குள் ஏற்றுவது. பைகார்பனேட் சேர்ந்தால் மருந்து கஃபின் பிளாஸ்டிக்கை ஊடுருவி வெளியே வந்து சவ்வை மரக்கடிக்கும். சேர்க்காவிட்டால் மிகக் குறைவாகவே வெளியே வரும். ஊடுருவ நேரம் பிடிப்பதால் நீண்ட ஆபரேஷன்களுக்கே இது ஏற்றது.

ஆவி இல்லாத போட்டியாளர்கள்

டெக்ஸாமெத்தாசோன் 8 மி.கி. ஊசி. வாந்தியைத் தடுக்க என்று பல மயக்க டாக்டர்கள் ஏற்கெனவே போடுவது. கிலோவுக்கு 0.1 மி.கி.க்குக் குறையாமல், டியூப் போடுவதற்கு முன்பே போட்டால், தொண்டை வலியும் கணிசமாகக் குறைகிறது. கூடுதல் நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை. விழித்திருக்கும்போது வேகமாக ஏற்றினால் பிறப்புறுப்பைச் சுற்றிச் சுரீரென்று அரிப்பு வரும். மயக்கம் கொடுத்த கையோடு, டியூப் போடுமுன் மெதுவாக ஏற்றினால் அந்தத் தொல்லை இல்லை. சுகர் உள்ளவருக்கு அன்றும் மறுநாளும் சர்க்கரை ஏறும், அதைக் கண்காணிக்க வேண்டும்.

பென்சிடமின் 0.15 சதவீதக் கொப்பளிப்பு மருந்துக்கடையில் கிடைக்கும். 15 மி.லி. எடுத்து அரை நிமிடம் தொண்டையில் வைத்துத் துப்ப வேண்டும். கொஞ்சம் எரியும், மரக்கும். பலன் உண்டு.

அதிமதுரத்தைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கவேண்டாம். அரை கிராம் அதிமதுரத்தை 30 மி.லி. தண்ணீரில் கலந்து, மயக்கம் கொடுப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு கொப்பளிக்க வைத்துப் பார்த்த மருத்துவ ஆய்வில், எழுந்த பிறகு வலியும் இருமலும் குறைந்திருக்கின்றன. வடிகட்டிய தெளிவான நீராக இருக்கவேண்டும், தூள் மிதக்கும் கஷாயமாக இருக்கக் கூடாது, துப்பியாக வேண்டும். டாக்டருக்குத் தெரியாமல் செய்யக் கூடாது.

ஒரே பார்வையில்

| வழி | வழக்கமான அளவு | ஆகும் நேரம் | மறைந்திருக்கும் செலவு | யாருக்குப் பொருந்தும் | யாருக்கு வேண்டாம் |
|---|---|---|---|---|---|
| மெக்னீசியம் ஆவி | 250 மி.கி., 4 மி.லி. | 10–15 நிமிடம் | ஆக்சிஜன், கலக்கும் கவனம் | பெரும்பாலானோர், சுகர் உள்ளவர் | மயஸ்தீனியா, சிறுநீரகம் கெட்டவர் |
| கெட்டமைன் ஆவி அல்லது கொப்பளிப்பு | 50 மி.கி. | 15 அல்லது 1 நிமிடம் | பதிவேடு, பூட்டு, அறையில் கசியும் புகை | மெக்னீசியம் கூடாதவர் | இருதய அடைப்பு, அதிக பிரஷர் |
| புடெசொனைடு ஆவி அல்லது இன்ஹேலர் | 0.5 மி.கி. அல்லது 200 மைக்ரோகிராம் பஃப் | 10 அல்லது 2 நிமிடம் | ஸ்பேசர், ஜெட் மிஷின் | சுகர், ஆஸ்துமா, புகைப்பவர் | வாயில் பூஞ்சைப் புண் உள்ளவர் |
| டெக்ஸ்மெடிடோமிடின் ஆவி | கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் | 10–15 நிமிடம் | மானிட்டர், விலை | டியூப் போடும்போது பிரஷர் எகிறும் அபாயம் உள்ளவர் | துடிப்பு குறைந்தவர் |
| டெக்ஸாமெத்தாசோன் ஊசி | 8 மி.கி. | இல்லை | சர்க்கரை ஏற்றம் | அவசர ஆபரேஷன், வாந்தி வருபவர் | கட்டுக்கடங்காத சுகர் |
| பென்சிடமின் கொப்பளிப்பு | 15 மி.லி. | 1 நிமிடம் | எரிச்சல் | கரண்டும் மிஷினும் இல்லாத இடம் | வாயில் புண் உள்ளவர் |

யாருக்கு எதைச் சொல்வோம்

அவசர ஆபரேஷன், வயிறு நிறைந்த நோயாளி: புகையும் கொப்பளிப்பும் வேண்டாம். டெக்ஸாமெத்தாசோன் ஊசி, அளவான டியூப், அளந்த கஃப் போதும்.

லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை எடுக்கும் ஆரோக்கியமான பெண்: வாந்திக்கென்று டெக்ஸாமெத்தாசோன் போகப்போகிறது. அதோடு கஃப் 25-ல் நின்றால் புகை இல்லாமலே பலர் தப்பிவிடுவார்கள். லிஸ்டில் எட்டு கேஸ் இருக்கும் நாளில் எல்லாருக்கும் நெபுலைசர் வைக்க முயல்வதைவிட இது மேல்.

தைராய்டு, கழுத்துத் தண்டுவடம், குப்புறப்படுக்க வைத்து நெடுநேரம் நடக்கும் முதுகு ஆபரேஷன், குரலை நம்பிப் பிழைப்பவர்: இவர்களுக்குக் கட்டாயம் மெக்னீசியம் வையுங்கள். சுகர் இல்லையென்றால் டெக்ஸாமெத்தாசோனையும் சேருங்கள். இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதால் ஒன்றை ஒன்று கெடுக்காது.

பல வருடம் பீடி பிடித்து, இருமலோடு வரும் கடல்தொழிலாளி: புடெசொனைடு. மூச்சுக்குழல் சுருங்கியிருந்தால் சால்பியூட்டமாலும் சேர்த்து வைக்கவேண்டி வரும், அதை டாக்டர் பார்த்துச் சொல்வார்.

குடலிறக்கம், விரைவீக்கம், கால் எலும்பு, சிசேரியன்: முதுகில் ஊசி போட்டுச் செய்ய முடிந்தால் டியூபே இல்லை, தொண்டை வலியும் இல்லை. ஆபரேஷனுக்கு முன் மயக்க டாக்டர் பார்க்க வரும்போது "டாக்டர், எனக்கு டியூப் போடுவீங்களா, முதுகு ஊசியே போதுமா?" என்று நோயாளி கேட்கலாம், கேட்க வேண்டும். டியூபுக்குப் பதில் எல்.எம்.ஏ. (மூச்சுக்குழாய்க்குள் போகாமல் குரல்வளைக்கு மேலேயே நிற்கும் குழாய்) போதும் என்ற கேஸ்களிலும் வலி குறைவு. அதன் கஃப் அழுத்தம் 60 செ.மீ. நீரைத் தாண்டக் கூடாது.

புகை வைக்கும் முறை, அதில் கெடுவது எங்கே

மருந்து சரியாக இருந்தும் பலன் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நோயாளியைப் படுக்கவைத்து, முகத்தில் மாஸ்கைக் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர் மூக்கால் இழுக்கிறார், பாதி மருந்தை மூக்கே பிடித்துக்கொள்கிறது. நிமிர்ந்து உட்காரவைத்து, "அண்ணே, வாயாலேயே மூச்ச இழுங்க, மூக்கால இழுக்காதீங்க" என்று பக்கத்தில் நின்று இரண்டு தடவை சொன்னால் போதும், செய்துவிடுவார். கீழக்கரையில் வயதான பெண் என்றால் "லாத்தா, வாயத் தொறந்தே மூச்சு விடுங்க" என்று ஆரம்பித்தால் பயமும் பாதி குறைந்துவிடும். மவுத்பீஸ் இருந்தால் மாஸ்கைவிட அதுவே நல்லது. தாடி வைத்தவருக்கு மாஸ்க் ஒட்டவே ஒட்டாது.

கப்பில் மொத்தம் 4 முதல் 5 மி.லி. இருக்க வேண்டும். 2 மி.லி. மட்டும் ஊற்றினால், கடைசியில் ஆவியாகாமல் அடியில் தங்கும் 1 மி.லி.யோடு பாதி மருந்து போய்விடும். ஆக்சிஜன் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர். புகை விட்டு விட்டு வந்தால் கப்பின் பக்கவாட்டில் விரலால் தட்டவேண்டும். முடிந்ததிலிருந்து டியூப் போடும்வரை பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நோயாளியை அழைக்கும் நேரமும் புகை வைக்கும் நேரமும் பொருந்தாமல், ஒரு மணி நேரம் முன்பே வைத்துவிட்டுக் காத்திருப்பது அடிக்கடி நடக்கிறது.

ஆக்சிஜன் கணக்கையும் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 8 லிட்டர், 15 நிமிடம் என்றால் 120 லிட்டர். சுமார் 1,500 லிட்டர் கொண்ட பி டைப் சிலிண்டரில் இது பன்னிரண்டு பேருக்குத்தான் வரும். புயல் எச்சரிக்கை வந்து பாதை அடைபட்டு, சிலிண்டர் வண்டி வராத வாரத்தில் ஆக்சிஜனை இதற்குச் செலவழிக்கக் கூடாது. காற்றடிக்கும் கம்ப்ரஸர் மிஷின் இருந்தால் ஆக்சிஜன் மிச்சம். ஆனால் உப்புக்காற்றில் அதன் திருகும் மோட்டாரும் சீக்கிரம் துருப்பிடிக்கும், ஃபில்டர் கறுத்துவிடும். ஜன்னலோரம் வைக்காமல் மூடிய அலமாரியில் வைத்து, ஃபில்டரை அடிக்கடி கழற்றிப் பார்க்க வேண்டும்.

உவர்நீரில் கப்பைக் கழுவுவது இந்தக் கரைக்கே உரிய தவறு. போர் தண்ணீரில் அலசிக் காயவைத்தால், ஜெட் துளையில் வெள்ளையாக உப்புப் படியும். துளை சுருங்கினால் துளியின் அளவு மாறும், பத்து நிமிட வேலை இருபது நிமிடம் இழுக்கும். கடைசி அலசலை டிஸ்டில்டு வாட்டரிலோ ஸ்டெரைல் வாட்டரிலோ செய்து, கவிழ்த்து உலர்த்துங்கள். ஒருவருக்கு வைத்த மாஸ்கையும் கப்பையும் அடுத்தவருக்கு அப்படியே மாற்றிவிடுவது காசநோய் உள்ள ஊரில் செய்யக்கூடாத காரியம். ஆளுக்கொரு கிட் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

வந்துவிட்டால்

எல்லாம் செய்தும் சிலருக்கு வலி வரும். தண்ணீர் குடிக்கலாம் என்று அனுமதித்த பிறகு சிறு மடக்காகத் தண்ணீர், வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் கொப்பளிப்பு, பாராசிட்டமால் போதும். தொண்டை மரக்கும் மருந்து எதுவும் வைத்திருந்தால், மரப்பு போகும்வரை சுக்குக் காபியோ சூடான கஞ்சியோ கொடுக்கக் கூடாது. சூடு தெரியாமல் வெந்துவிடும், புரையேறவும் செய்யும். ஓரிரு நாள் கத்திப் பேசாமல் இருப்பது நல்லது. கிசுகிசுப்பாகப் பேசுவதும் குரல்வளைக்குச் சிரமம்தான், மெதுவாக இயல்பாகப் பேசலாம்.

மூச்சு விடும்போது சத்தம் வந்தாலோ, கழுத்து வீங்கி அழுத்தினால் நறநறவென்று இருந்தாலோ, காய்ச்சலோடு விழுங்கவே முடியாமல் போனாலோ, ரத்தமாகத் துப்பினாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். ராமேஸ்வரம் தீவிலோ சாயல்குடிப் பக்கமோ இருப்பவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் தூரத்தையும் கணக்கில் வைத்து, விடியட்டும் என்று தள்ளிப்போடாமல் கிளம்ப வேண்டும். வலி போயும் குரல் மட்டும் ஒரு வாரத்துக்கு மேல் திரும்பவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டர் குழாய்க் கேமராவில் குரல்நாணைப் பார்க்க வேண்டும். டியூப் போட்ட விவரம் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை முறை முயன்றார்கள், எந்த அளவு டியூப் என்பதை அவர் முதலில் கேட்பார்.